வாப்பாவின் நைட்ரோ கார்: உப்புக்காற்றில் எந்த வழி தாங்கும்?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான கீழக்கரையில் எங்கள் வீட்டுப் பரணில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த ஒரு மரப்பெட்டியைச் சென்ற கச்சான் காற்றுக் காலத்தில் இறக்கினோம். அரபு நாளிதழ் ஒன்றில் சுற்றி அதற்குள் வைக்கப்பட்டிருந்தது, வாப்பா 1990களில் துபாயில் வேலை பார்த்தபோது வாங்கி, ஒரு விடுமுறையில் ஊருக்குக் கொண்டுவந்த ஜப்பான் தயாரிப்பான கியோஷோ இன்ஃபெர்னோ. அசல் வண்டியின் எட்டில் ஒரு பங்கு அளவில், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லுமாறு அமைந்த, நைட்ரோ எரிபொருளில் ஓடும், ரிமோட்டால் இயக்கும் பக்கி வகை மாடல் கார் அது. அசர் தொழுகை முடிந்து வாப்பா அதைத் திடலுக்கு எடுத்துவரும் நாள்களில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். அவர் மறைந்த பிறகு கார் என் காக்காவின், அதாவது அண்ணனின், கைக்கு வந்தது. அவர் சென்னைக்குக் குடிபோனபோது என் பொறுப்பில் விட்டுச் சென்றார். இப்போது லாத்தாவின் (அக்காவின்) மகன், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் மருமகன், அதைச் சீர்செய்து தரவேண்டும் என்று கேட்கிறான்.

கேட்டதும் வீட்டில் கருத்துகள் பிரிந்துவிட்டன. பழைய என்ஜினையே திறந்து சரிசெய்து, வாப்பா ஓட்டியபடியே ஓட்டவேண்டும் என்பது காக்காவின் ஆசை. என்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்தலாம் என்பது மருமகனின் யோசனை. பழையதை எடுத்துவைத்துவிட்டு அதே அளவில் புதிய நைட்ரோ என்ஜின் ஒன்றை வாங்கிப் பூட்டலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. எனக்கோ முதலில், எதையும் செய்யாமல் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் போதும் என்றே தோன்றியது. இந்த நான்கு வழிகளையும் சில மாதங்கள் விசாரித்தும், பாதியளவுக்குச் செய்து பார்த்தும் அறிந்தவற்றை, இதே போன்ற ஒரு பெட்டி பரணில் இருக்கும் வீட்டாருக்காக எழுதுகிறேன். வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்த குடும்பங்கள் நிறைந்த இந்தக் கரையில் அப்படிப்பட்ட பெட்டி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பணக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் உப்பின் கணக்கைப் பார்க்கவேண்டும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதற்கு எங்கள் கரையின் இந்த உப்புக்காற்றின் அரிப்பே பெருங்காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையும் தனிவகைப் பூச்சையும் பயன்படுத்த நேர்ந்ததும் அதனால்தான். அத்தனை பெரிய இரும்பையே தின்னும் காற்று, மில்லிமீட்டர் கணக்கில் அமைந்த பேரிங்கை விட்டுவைக்காது. ஆனால் அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி தின்பதில்லை என்பதைப் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்ணால் கண்டேன். நைலான் சஸ்பென்ஷன் கைகள் ஒன்றுகூட உடையவில்லை. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால்தான் வளைந்துகொடுக்கும், காய்ந்தால் நொறுங்கும் என்பதால், அதற்கு நம் ஊர்க்காற்று நன்மையே செய்திருக்கிறது. எஃகுத் திருகுகள் அலுமினிய அடித்தட்டைத் தொடும் இடங்களிலோ ஒவ்வொரு திருகைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரு வேறு உலோகங்களுக்கு இடையே உப்பீரம் புகுந்தால் அலுமினியம் கரைந்து இப்படித்தான் பூக்கும். ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, கம்பியின் நுனி வரை பச்சையாக ஏறியிருந்தது. டயருக்குள் இருந்த நுரைப்பஞ்சு தொட்டதும் தூளாகிவிட்டது.

இனி என்ஜினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முடிவின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. இந்த வகை என்ஜினில் பெட்ரோல் வண்டியைப் போலத் தீப்பொறி பிளக் கிடையாது. குளோ பிளக் என்னும் சிறு பிளக்கிற்குள் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கும். தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேற்படாத பேட்டரியால் அதைச் சூடேற்றி ஓடவிட்ட பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம். எரிபொருளிலுள்ள மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நிகழும் வினையாலும் எரிதலின் வெப்பத்தாலும் சுருள் தானே கனன்றுகொண்டிருக்கும். பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் ஸ்லீவ் பித்தளை, ஸ்லீவின் உட்புறம் குரோமியப் பூச்சு. இதில் பிஸ்டன் வளையம் கிடையாது. ஸ்லீவ் மேலே போகப் போகச் சற்றுக் குறுகுமாறு கடையப்பட்டிருப்பதால், குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் இறுகும். என்ஜின் சூடேறிப் பித்தளை விரிந்த பிறகே அளவு சரியாகும். பழைய என்ஜினுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்பதை அந்த இறுக்கத்தை வைத்தே அறியலாம். பிளக்கை மாட்டி ஃபிளைவீலைக் கையால் சுற்றும்போது உச்சியில் தடையின்றி வழுக்கிப் போனால் ஸ்லீவும் பிஸ்டனும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த நிலையில் அதே வகை ஸ்லீவும் பிஸ்டனும் இணையாகக் கிடைக்காவிட்டால் அசல் என்ஜினை ஓட்டும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.

எங்கள் என்ஜின் வழுக்கவும் இல்லை, அசையவும் இல்லை. எரிபொருளில் இருந்த விளக்கெண்ணெய் இருபது ஆண்டுகளில் பழுப்பு நிற வார்னிஷாக உறைந்து பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்க்கலாம் என்று மருமகன் கை வைத்தபோது தடுத்துவிட்டேன். அப்படி இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும் அல்லது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஒருவழி பேரிங் சிதறும். பெரியபட்டினம் பக்கத்தில் ஃபைபர் படகுகளின் மோட்டார்களைப் பழுதுபார்க்கும் ஓர் அண்ணனிடம் எடுத்துப்போனோம். உள்ளங்கை அளவு என்ஜினை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்றாலும், பிடித்துக்கொண்ட டூ ஸ்ட்ரோக்கை அவருக்குத் தெரியாதா? "தம்பி, இதுகூட மல்லுக்கட்டாதீங்க. சூடு காட்டுங்க, அதுவே விட்டுரும்" என்றார். கார்பரேட்டரையும் ரப்பர் வளையங்களையும் முதலில் கழற்றிவிட்டு, ஹாட் ஏர் கன்னால் தலைப்பகுதியைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றி, துணியால் பிடித்து ஃபிளைவீலை இப்படியும் அப்படியுமாக நூலளவு அசைத்தார். கால் மணி நேரத்தில் ஒரு சிறு கரகர ஒலியுடன் அது விட்டுக்கொடுத்தது. உச்சியில் இறுக்கம் அப்படியே இருந்தது.

பிரித்துப் பார்த்தபோது, எதிர்பார்த்ததற்கு மாறாக, விலையுயர்ந்த பாகங்கள் நன்றாகவே இருந்தன. பித்தளையும் அலுமினியமும் இரும்பைப் போலத் துருப்பிடிப்பவை அல்ல. குரோமியப் பூச்சில் உரிவு எதுவும் தெரியவில்லை. கெட்டிருந்தவை எஃகுப் பாகங்கள்: பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்கும் இரு பேரிங்குகளும் செந்நிறத் தூளைக் கக்கின. எரிபொருளிலுள்ள நைட்ரோமீத்தேன் எரிந்து எஞ்சும் கசடு அமிலத்தன்மை உடையது, மெத்தனால் ஈரத்தை இழுப்பது. ஓட்டிய பின் உள்ளே எண்ணெய் விடாமல் வைத்தால் முதலில் சாவது பின்பேரிங்தான். வார்னிஷை நீக்க, உலோகப் பாகங்களை மட்டும் ரேடியேட்டர் கூலண்ட்டில் இட்டு மெல்லிய சூட்டில் சில மணி நேரம் வைத்தோம். கூலண்ட் நஞ்சு என்பதால் அதற்கு எடுத்த பாத்திரம் திரும்பவும் சமையலறைக்குள் போகக்கூடாது; வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் செய்யவேண்டும்.

பேரிங் தேடிய கதையைச் சொன்னால் அசலை மீட்கும் வழியின் கடினம் விளங்கும். இந்த அளவு என்ஜின்களில் முன்பேரிங் பொதுவாக 7×19×6 மில்லிமீட்டர். பேரிங் கடையில் 607 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றைத் தாங்கும் தரத்தில் வேண்டும் என்பதைச் சொல்லிக் கேட்கவேண்டும். சக்கரங்களுக்கு வேண்டிய 8×16×5 அளவும் 688 என்ற எண்ணில் கிடைத்துவிடும். பின்பேரிங்கோ 14×25.4×6. வெளிவட்டம் சரியாக ஓர் அங்குலம், உள்வட்டம் மில்லிமீட்டர் கணக்கு. இப்படி இரண்டுங்கெட்டான் அளவில் இருப்பதை ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எந்தக் கடைக்காரரும் தட்டில் வைத்திருப்பதில்லை. மாடல் என்ஜின் பாகங்களை விற்பவர்களிடம் சொல்லிவைத்துத்தான் வரவழைக்கவேண்டும். இறக்குமதி என்றால் செலவும் ஏறும். பொம்மைகள் மீதான சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்ந்தது. இன்னொன்று: ஜப்பான் தயாரிப்பின் கூட்டல் குறித் திருகுகள் அந்நாட்டு அளவுமுறையில் அமைந்தவை. நம்மிடம் உள்ள சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் முழுதாக உட்காராமல் தலையை வழித்துவிடும். அதற்குரிய டிரைவரை வாங்கிய பிறகே திருகுகளைத் தொடுங்கள். நான் வாங்குவதற்கு முன்னே வழித்த இரண்டு திருகுகளை எடுக்க லேத் பட்டறை வரை போகவேண்டியதாயிற்று.

இத்தனையும் செய்து என்ஜின் தயாரானாலும் அதற்கு ஊட்ட எரிபொருள் வேண்டுமே. நான்கு வழிகளையும் உண்மையில் பிரித்துவைப்பது இந்தக் கேள்விதான் என்று கருதுகிறேன். நைட்ரோ என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, அந்தப் புட்டியில் பெரும்பங்கு மெத்தனால். கார்களுக்கு விற்கப்படும் கலவையில் நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் 10 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும், அதனுடன் மசகு எண்ணெய், மீதி மெத்தனால். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை நாம் அறிவோம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபது பேருக்கு மேல் இறந்தனர். ஆகவே மெத்தனாலைத் தனியே வாங்கி வீட்டில் கலந்துகொள்ளலாம் என்ற ஆலோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அது தோல் வழியாகவும் உடலில் ஏறும், பார்வையைப் பறிக்கும், பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது.

முறையாகக் கலந்து அடைத்த புட்டியைப் பெருநகரங்களின் மாடல் கடைகளில், உரிமம் பற்றி விசாரித்து, ரசீதுடன் வாங்கலாம். அதை ஊருக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். விமானத்தில் பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. சேது எக்ஸ்பிரஸில் ஏற்றிவரலாம் என்றால், தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பேருந்திலும் ஏற்றக்கூடாது. சொந்த வண்டியில் சாலை வழியாக வருவது ஒன்றே மிஞ்சுகிறது. இந்த அளவுக் காரின் தொட்டி 125 மில்லிலிட்டர். ஒரு தொட்டி எட்டு முதல் பத்து நிமிடம் ஓடும். ஒரு லிட்டர் வாங்கினால் எட்டுத் தொட்டி, ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேர ஓட்டம். திறந்த புட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடுவதால் நம் கரையில் அதை அடுத்த பருவத்துக்கு என்று எடுத்துவைக்கவும் முடியாது. வாரந்தோறும் ஓட்டும் ஆசை உள்ளவர்களுக்கு நைட்ரோ இந்தக் கரையில் ஒத்துவராது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

புதிய நைட்ரோ என்ஜின் பூட்டும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றரை சிசி என்ஜின்கள் இன்றும் தயாராகின்றன, சிறு மாற்றங்களுடன் பழைய அடித்தட்டில் அமர்ந்தும்விடும். ஆனால் எரிபொருள் சிக்கல் அப்படியே இருக்கும், உப்பின் தொல்லை அப்படியே இருக்கும், வாப்பாவின் கை பட்ட என்ஜின் மட்டும் இருக்காது. அசல் என்ஜினின் ஸ்லீவ் தேய்ந்துவிட்டது, ஆனாலும் அந்த ஓசை வேண்டும் என்பவர்கள் மட்டும் எண்ணிப்பார்க்கவேண்டிய வழி இது.

மருமகன் சொன்ன மின்மோட்டார் வழியை நான் முதலில் ஒதுக்கிவிட்டேன். பிறகு நியாயமாக எடைபோட்டபோது அதில் பலம் இருப்பதை ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 14.8 வோல்ட், 5000 மில்லிஆம்பியர் மணி என்றால் 74 வாட் மணி. நூறுக்குள் இருப்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டுவரவே அனுமதி உண்டு. வீட்டு மின்சாரத்தில் ஏற்றிக்கொள்ளலாம். தொழுகை நேரத்திலும் தேர்வு நேரத்திலும் தெருவுக்குத் தொந்தரவு இல்லாமல் ஓட்டலாம். ஓட்டி முடித்தபின் என்ஜினுக்குள் எண்ணெய் விடும் வேலையும் கிடையாது. ஆனால் உப்பிலிருந்து முழு விடுதலை என்று எண்ணவேண்டாம். மோட்டாரிலும் எஃகு பேரிங்குகளே இருக்கின்றன. பேட்டரியை நிறைய ஏற்றியபடியே வைத்தால் நம் வெயிலில் ஊதிவிடும். செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும். மின்மோட்டாரின் விசை தொட்ட நொடியிலேயே முழுதாகப் பாய்வதால், முப்பது வயதான டிஃபரன்ஷியல் பற்களும் டிரைவ் ஷாஃப்டுகளும் அதைத் தாங்குமா என்பதும் ஐயத்துக்குரியதே.

எல்லாவற்றிலும் பெரிய தடையாக எனக்குப் பட்டது வேறு. மோட்டார் தாங்கியையும் பேட்டரித் தட்டையும் பொருத்த, அசல் அடித்தட்டில் புதிய துளைகள் இடவேண்டியிருக்கும். கழற்றிய என்ஜினை நாளைக்கு மறுபடியும் பூட்டலாம். போட்ட துளையை அடைக்க முடியாது. திரும்பப் பெறமுடியாத எந்த வேலையையும் குடும்பத்தில் ஒருவர் மட்டும் முடிவெடுத்துச் செய்யலாகாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மின்மோட்டார்தான் வேண்டும் என்றால் பழைய அடித்தட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, வேறொரு தட்டில் செய்வதே முறை.

கண்ணாடி அலமாரி வழி எளிது என்று நான் நினைத்ததும் தவறு. கசடோடு மூடிவைத்தால் அலமாரிக்குள்ளும் துரு நடந்துகொண்டேதான் இருக்கும். பரணில் நடந்தது அதுதானே. காட்சிக்கு வைப்பதாக இருந்தாலும் என்ஜினைத் திறந்து கழுவி எண்ணெயிட வேண்டும், எரிபொருள் தொட்டியையும் சிலிக்கான் குழாயையும் உலர்த்தவேண்டும், கசிந்த பேட்டரியை அகற்றி அதன் காரக்கறையை வினிகரால் துடைக்கவேண்டும், திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சிறிது கிரீஸ் தடவி மாட்டவேண்டும், காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு, அது நிறம் மாறும்போதெல்லாம் காயவைக்கவேண்டும். மேலுடல் பாலிகார்பனேட், வண்ணம் உட்புறமாக அடிக்கப்பட்டது. தின்னர் பட்டால் நுண்விரிசல் கண்டு பால்போல வெளுத்துவிடும் என்பதால் சோப்பு நீரும் பருத்தித் துணியும் தவிர வேறெதையும் கிட்டே கொண்டுவரக்கூடாது. அதாவது, அலமாரிக்கு வேண்டிய உழைப்பு ஓட்டுவதற்கு வேண்டியதில் முக்கால் பங்கு. பேரிங்கும் எரிபொருளும் காரை இயக்கும் ரிமோட் ரேடியோவும் மட்டுமே மிச்சப்படும்.

ரேடியோவைப் பற்றி ஒரு சொல். எந்த வழியில் ஓட்டுவதாக இருந்தாலும் அலைவரிசைக்கான படிகம் (கிரிஸ்டல்) செருகும் பழைய ரிமோட்டை நம்பவேண்டாம். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி முழு வேகத்தில் போகும்போது சமிக்ஞை அறுந்தால், எதிரே நிற்பது ஒரு குழந்தையாக இருக்கலாம். நம் நாட்டில் உரிமம் தேவையில்லாத 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில், சமிக்ஞை அறுந்தால் தானே பிரேக்குக்குப் போகும்படி அமைத்துவைக்கலாம். இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் அசல் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டோம். வாப்பாவின் ரிமோட் பெட்டியிலேயே இருக்கிறது.

எங்கள் முடிவு இது. உச்சியில் இறுக்கம் இருந்ததால் அசல் என்ஜினையே மீட்டோம். பழைய ஸ்லீவ், பழைய பிஸ்டன், புதிய பேரிங்குகள், புதிய ரப்பர் வளையங்கள். ஆண்டுக்கு இரண்டு நாள்களுக்கு மேல் ஓட்டுவதில்லை என்றும், கடற்கரை மணலில் ஒருபோதும் இறக்குவதில்லை என்றும் பேசி வைத்திருக்கிறோம். உப்பு மணல் எண்ணெய் தோய்த்த பஞ்சாலான காற்று வடிகட்டியையும் மீறும். புகைக்குழாய் துப்பும் எரியாத எண்ணெய் மன்னார் வளைகுடாக் கரையில் சொட்டுவதும் சரியல்ல. கோடையில் வற்றிய கண்மாய்க்கரையின் கெட்டித்தரை போதும். மருமகனுக்கு மின்மோட்டார் வேலையைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதால், பயன்படுத்திய வேறொரு அடித்தட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாதம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வீட்டில் ஆள் இருப்பதை நம்பித்தான் இப்படி முடிவுசெய்தோம். எல்லாரும் வெளியூரில் இருக்கும் குடும்பம் என்றால், அதே என்ஜினை அதே போலத் திறந்து கழுவி எண்ணெயிட்டுக் காட்சிக்கு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

காக்கா ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சொந்தக் காரில் வரும்போது ரசீதுடன் ஒரு லிட்டர் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை என்ஜின் பெட்டிக்குள், கார்பரேட்டர் வாயில் மூடியுடன், கிராங்க் அறையில் எண்ணெயுடன் இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகன் வந்து ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, உச்சியில் இறுகுவதை விரலால் உணர்ந்து பார்த்துவிட்டு, ஸ்லீவுக்கு அழுத்தம் இல்லாதபடி பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தி மூடுகிறான்.